பத்துக் கறவை மாடுகளுக்குக் கொட்டகை: படுக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டைக்கு அருகில் ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினத்தில் பத்துக் கறவைகள் வைத்திருக்கிறீர்கள். தை மாதத்தில் வேளைக்கு ஆறேழு லிட்டர் கறந்தவை, சித்திரை பிறந்ததும் நான்கு லிட்டருக்கு இறங்கிவிடுகின்றன. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பார்க்கும் கொழுப்பளவும் குறைந்தே வருகிறது. பிண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் கூட்டிப் பார்த்தும் பலன் இல்லை. ஆகவே 60 அடி நீளம், 25 அடி அகலத்தில் மூன்று பக்கம் செங்கல் சுவர், தகரக் கூரை, சிமெண்ட் தளம் என்று இரண்டு வரிசையாக மாடுகளைக் கட்டிப்போடும் புதுக் கொட்டகை ஒன்றுக்கு வரைபடம் போட்டிருக்கிறீர்கள். அது சரியா, பனிப்புகை போல் நீர் தெளிக்கும் ஃபாகர் வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொங்குப் பகுதியில் கால்நடை மருத்துவராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: அந்த வரைபடத்தின்படி கட்ட வேண்டாம். மழைக்கும் திருட்டுக்கும் அது பாதுகாப்பாக இருக்கும். ஆனால் மாடு படுப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. நீங்கள் இழக்கும் பாலில் பெரும் பகுதி அந்த இரண்டு காரணங்களால்தான் போகிறது.

நல்ல கறவை மாடு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் படுத்திருக்கும். இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் பால் உருவாக ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியாக ஓட வேண்டும். மாடு படுத்திருக்கும்போது அந்த ஓட்டம் கூடுகிறது. அசை போடுவதிலும் பெரும் பகுதி படுத்த நிலையில்தான் நடக்கிறது. நின்றுகொண்டே இருந்தால் குளம்பின் மீது பாரம் ஏறி நொண்டத் தொடங்கும். ஆய்வுகளில் மாடுகளைப் படுக்கவும் விடாமல், தீனியும் வைக்காமல் சில மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு இரண்டுக்கும் வழிவிட்டால், அவை பசியோடு இருந்தும் முதலில் படுக்கவே போகின்றன. நாம் அடர்தீவனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம்; மாடு படுக்கும் இடத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், மடிநோய் பார்ப்பதற்காக ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். பிற்பகல் இரண்டு மணி. எட்டு மாடுகளில் ஒன்றுகூடப் படுத்திருக்கவில்லை. மூன்று மாடுகள் முன்னங்கால்களைக் காடிக்குள், அதாவது தீவனத் தொட்டிக்குள், வைத்திருந்தன. இரண்டு மாடுகளின் பின்னங்கால்கள் மூத்திர வாய்க்காலில் இருந்தன. கடைசியில் நின்ற ஒரு சிவலை மாடு, தலையைத் தாழ்த்தித் தரையை முகர்ந்தது, ஒரு முன்னங்காலை மடக்கப் போனது, கயிறு இழுத்ததும் மறுபடி நிமிர்ந்துகொண்டது. நான் அங்கிருந்த முக்கால் மணி நேரத்தில் நான்கு முறை அப்படிச் செய்தது. அதைக் கட்டியிருந்த கயிறு ஒன்றரை அடிதான் இருக்கும். அவிழ்த்து மூன்று அடிக்கு நீட்டிக் கட்டச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மாடு படுத்துவிட்டது. படுத்த கையோடு அசை போடவும் தொடங்கிவிட்டது. அந்தப் பண்ணையில் தீவனச் செலவுக்குக் குறையே இல்லை. பின்னங்கால் மூட்டுகளில் எல்லா மாடுகளுக்கும் முடி உதிர்ந்து காய்ப்புக் காய்த்திருந்தது. அது வெறும் சிமெண்ட் தரை எழுதிய கையெழுத்து.

மாடு எழுந்திருக்கும் விதத்தை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். முன் முட்டிகளை ஊன்றி, தலையையும் கழுத்தையும் முன்னால் வீசி, அந்த வீச்சின் பலத்தில் பின்பகுதியைத் தூக்குகிறது. அதற்குப் பிறகுதான் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறது. இந்த வீச்சுக்கு மூக்குக்கு முன்னால் இரண்டரை முதல் மூன்று அடி வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் உயரமான காடிச் சுவரோ இரும்புக் குழாயோ இருந்தால், மாடு குதிரையைப் போல முன்பக்கத்தை முதலில் தூக்கித் திணறி எழும், அல்லது படுப்பதையே குறைத்துக்கொள்ளும். உங்கள் வரைபடத்தில் காடியின் முன்சுவர் மூன்று அடி உயரம் என்று போட்டிருக்கிறீர்கள். மாட்டின் பக்கம் ஒன்றரை அடிக்கு மேல் தடுப்பு வேண்டாம். காடியின் உள்தளம் மாடு நிற்கும் தரையைவிட நான்கு முதல் ஆறு அங்குலம் மட்டும் உயர்ந்திருந்தால் போதும். மேயும் நிலையில் தலையைத் தாழ்த்தித் தின்னும் மாட்டுக்கு எச்சில் அதிகம் சுரக்கிறது. வயிற்றில் புளிப்பு ஏறாமல் காப்பது அந்த எச்சில்தான். சிமெண்டு பூசிய காடி தீவனத்தின் புளிப்பால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அரித்துச் சொரசொரப்பாகிவிடும், கழுவினாலும் நாற்றம் போகாது. உள்ளே கடப்பா கல் பதித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கட்டிப்போடுவதையே கைவிடச் சொல்வேன். கொங்குப் பகுதிக்கு இது புதிய யோசனை அல்ல. காங்கேயம் மாடுகளைக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் வேலி அடைத்து அவிழ்த்துவிட்டு வளர்த்தவர்கள் நம் முன்னோர்கள். கலப்பின மாடு வந்தபின்தான், விலை உயர்ந்த பொருள் என்று கட்டுத்தறியிலேயே பூட்டிவைத்தோம். பத்து மாடுகளுக்கு ஒரு பகுதி கூரை, ஒரு பகுதி திறந்தவெளி, சுற்றிலும் கம்பி வலை வேலி என்று அமைத்து, கறக்கும் நேரத்தில் மட்டும் மாடுகளைக் கட்டினால் போதுமானது. நிழல் வேண்டிய நேரத்தில் மாடு தானே நிழலுக்கு வரும், இரவில் குளிர்ந்த வெட்டவெளியில் போய்ப் படுக்கும், சினைப் பருவத்துக்கு வந்த மாடு மற்றொன்றின் மீது ஏறுவதும் உங்கள் கண்ணில் படும். ஊமைச் சினையாக இருக்கிறது, பருவமே தெரியவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட மாடுகளில் பல, உண்மையில் நாள் முழுவதும் கட்டிக்கிடந்தவையே.

இந்தியத் தர அளவின்படி ஒரு பசுவுக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 38 சதுர அடி, 75 சதுர அடி. அது குறைந்தபட்ச அளவு. உங்கள் மாடுகளின் உடலுக்கும் உங்கள் ஊர் வெயிலுக்கும் கூரையடியில் 60, வெளியில் 150 சதுர அடி வைத்துக்கொள்ளச் சொல்வேன். அப்படியானால் 600 சதுர அடிக் கூரை போதும். நீங்கள் திட்டமிட்டிருப்பது 1,500. மிச்சமாகும் பணத்தில் நல்ல தரை, மின்விசிறி, தண்ணீர்த்தொட்டி மூன்றையும் செய்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அவிழ்த்துவிட்ட கூட்டத்தில் எப்போதும் ஒரு முரட்டு மாடு இருக்கும். அதனால் காடியில் மாட்டுக்கு இரண்டரை அடி வீதம் 25 அடி நீளம் கண்டிப்பாக வேண்டும். தண்ணீர் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கன்றுகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கால்நடை மருத்துவரைக் கொண்டு கொம்பைச் சுட்டுவிட வேண்டும்.

இனி வெயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் நான்கு லிட்டருக்கான விடை அங்கேதான் இருக்கிறது. மாட்டுக்கு வெப்பநிலை மட்டும் கணக்கல்ல, காற்றின் ஈரமும் சேர்ந்ததே கணக்கு. இரண்டையும் சேர்த்து வெப்ப ஈரப்பதக் குறியீடு என்று ஒன்றைக் கணிக்கிறார்கள். அது 72-ஐத் தாண்டினால் கறவை மாடு திணறத் தொடங்குகிறது. அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68-லேயே பால் குறைவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. 34 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நண்பகலில் அந்தக் குறியீடு ஏறக்குறைய 83. இரவில் 25 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதம் 80 சதவீதமாக ஏறினால் அப்போதும் 75-க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆக, நமக்கு இதமாகத் தோன்றும் சித்திரை இரவிலும் எச்.எஃப். இரத்தம் கலந்த மாட்டுக்கு முழு ஓய்வு இல்லை. அதன் வயிற்றுக்குள் தீனி புளிப்பதால் உண்டாகும் சூடு வேறு சேர்ந்துகொள்கிறது. மூன்று பக்கம் சுவர் எழுப்பினால் இந்தச் சூடெல்லாம் எங்கே போகும்?

கொழுப்பு ஏன் குறைகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. சூட்டில் மாடு வேகமாக மூச்சு வாங்கும்போது உடலில் கரியமிலவாயு குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் சோடா உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. எச்சிலில் அந்த உப்பு குறைகிறது, போதாக்குறைக்கு எச்சில் வாயிலிருந்து வீணாகவும் ஒழுகுகிறது. அதே நேரத்தில் மாடு உலர்தீவனமான தட்டையும் புல்லையும் ஒதுக்கிவிட்டு அடர்தீவனத்தை மட்டும் தின்கிறது. வயிறு புளிக்கிறது, கொழுப்பு இறங்குகிறது. இந்த நிலையில் பிண்ணாக்கைக் கூட்டியது கெடுதலைத்தான் கூட்டியிருக்கும். கோடையில் பசுந்தீவனத்திலும் தட்டிலும் மூன்றில் இரண்டு பங்கை மாலை ஆறு மணிக்குப் பிறகும் விடியற்காலையிலும் போடுங்கள். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து வையுங்கள். சோடா உப்பு சேர்ப்பதற்கு உங்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். இதோடு உங்கள் ஊருக்கே உரிய இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடுமலையில் சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் பிற்பகுதி வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்தே சாய்கிறது. வடஇந்திய நூல்களைப் பார்த்துத் தெற்குப் பக்கம் மட்டும் தாழ்வாரத்தை நீட்டுகிறார்கள். நமக்கு வடக்கிலும் மூன்று அடி நீட்ட வேண்டும். அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து வீசும் மேல்காற்று உங்கள் பகுதிக்குக் கிடைத்த கொடை. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சான்று. நீங்களோ மேற்குப் பக்கத்தை முழுச் சுவரால் அடைக்கப் போகிறீர்கள். மாலை வெயிலுக்குப் பயந்து அப்படிச் செய்வது புரிகிறது. சுவருக்குப் பதிலாகப் பதினைந்து இருபது அடி தள்ளி வேம்பும் புங்கனும் வையுங்கள். அவை வளரும்வரை மாலை மூன்று மணிக்கு இறக்கி இரவில் சுருட்டிக்கொள்ளும்படி நிழல்வலை கட்டலாம். மற்ற பக்கங்களில் தூண் மட்டும் போதும். சாரல் அடிக்கும் ஐப்பசி கார்த்திகைக்குத் தார்ப்பாய்.

கூரை தாழ்வாரத்தில் 10 அடிக்கும் நடுவில் 15 அடிக்கும் குறையாமல் இருக்க வேண்டும். சூடான காற்று மேலேறி வெளியேற உச்சியில் திறப்பு வேண்டும். பத்தடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் என்பது கணக்கு, ஆகவே 25 அடி அகலக் கூரைக்கு ஐந்து அங்குலம். மழை இறங்காமல் அதன் மேல் ஒரு தொப்பி போட்டுக்கொள்ளலாம். தகரம் போடுவதில் தவறில்லை, ஆனால் அதை வெறுமையாக விடக் கூடாது. நண்பகலில் தகரத்துக்கு நேர் கீழே கையை உயர்த்திப் பாருங்கள், அடுப்பின் மேல் பிடித்தது போல் இருக்கும். மாட்டின் முதுகு நாள் முழுவதும் அதையே வாங்குகிறது. வெளிப்புறம் வெள்ளை அடித்து, அடியில் தென்னங்கீற்று வேய்ந்துவிட்டால் அந்த அனல் பெருமளவு அடங்கும். தென்னை மலிந்த உங்கள் ஊரில் கீற்றுக்குப் பஞ்சமில்லை. நெருப்புக்கு மட்டும் கவனமாக இருந்து, மின்கம்பிகளைக் குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும்.

தரையைப் பற்றிக் கேட்டால், ஒரே வகைத் தரையை எல்லா இடத்திலும் போடாதீர்கள் என்பேன். காடிக்கு முன்னால் மாடு நின்று தின்னும் பத்தடி அகலத்துக்கு மட்டும் சிமெண்டு தளம் வேண்டும். அதை வழவழப்பாக இழைத்துவிடாமல், ஈரம் காயும் முன்பே மூன்று நான்கு அங்குல இடைவெளியில் விரல் அகலக் கோடுகள் கீறி, 40 அடிக்கு ஓரடி இறக்கம் கொடுக்க வேண்டும். வழுக்கி விழுந்து கால் அகன்று எழ முடியாமல்போன மாட்டைப் பார்த்தவர்கள் தரையில் டைல்ஸ் பதிக்க ஒருபோதும் ஒப்ப மாட்டார்கள். படுக்கும் பகுதி மண்தரையாகவே இருக்கட்டும்: செம்மண்ணைச் சற்று மேடாக இட்டு இறுக்கி, மேலே காய்ந்த தென்னை நார்க்கழிவை நான்கு அங்குலம் பரப்பலாம். நனைந்த இடத்தை அன்றன்றே வாரி வெளியே போட வேண்டும், ஏனென்றால் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். பச்சை மரத்தூளைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பெருகும் கிருமிகளால் கடுமையான மடிநோய் வரக்கூடும். ரப்பர் விரிப்பு நல்லதுதான். ஆனால் அதன் அடியில் மூத்திரம் தேங்கும், வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவ ஆளில்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

படுக்கை சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. மாடு படுக்கும் இடத்தில் வேட்டியை மடித்துக்கட்டாமல் முட்டி போட்டுப் பத்து நொடி இருங்கள். முட்டி வலித்தால் தரை கடினம். எழுந்தபின் வேட்டியில் ஈரம் தெரிந்தால் அந்த இடத்தில் மடி படக் கூடாது. பால் கறந்தபின் காம்பின் துவாரம் மூடுவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அதனால் கறந்து முடித்ததும் காடியில் புதுப்புல் போட்டு மாட்டை நிறுத்திவைத்துவிட்டால், திறந்த காம்போடு அது ஈரத்தில் படுப்பது தவிரும். மடிநோய்க்கு மருந்து வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதற்குக் காசே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. பாலில் 87 சதவீதம் தண்ணீர். கறவை மாடு ஒன்று கோடையில் 80 முதல் 100 லிட்டர் குடிக்கும். வேளைக்கு ஒரு குடம் காட்டும் வழக்கத்தில் அந்த அளவு ஒருநாளும் சேராது. இரண்டு இடத்தில் தொட்டி கட்டி, நாள் முழுவதும் நிறைந்திருக்கும்படி மிதவை வால்வு வைத்து, மேலே நிழல் கொடுத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். சிறு கிண்ணத்தில் சொட்டும் தானியங்கிக் குவளைகள் வேண்டாம். மாடு ஒரு நிமிடத்தில் பத்து லிட்டருக்கு மேல் உறிஞ்சக்கூடியது, அந்த வேகத்துக்கு அவை ஈடுகொடுக்காது.

ஃபாகர் வாங்கலாமா என்று கேட்டீர்கள். நுண்துளியாகத் தெளிப்பது காற்றைக் குளிரவைக்கும், ஆனால் அதே அளவுக்குக் காற்றின் ஈரத்தையும் கூட்டும். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் அது புழுக்கத்தில்தான் போய் முடியும். அதைவிடப் பெரிய துளியாக விழும் தெளிப்பானால் மாட்டின் முதுகை நனைத்து, உடனே விசிறிக் காற்றால் அந்த ஈரத்தை ஆவியாக்குவது மேல். மாட்டின் தோலிலிருந்தே சூட்டை எடுத்துக்கொண்டு ஈரம் போகிறது. இஸ்ரேலில் கறவைக்கு முந்திய காத்திருப்புத் தளத்தில் அரை நிமிடம் நனைத்து, நாலரை நிமிடம் காற்றடித்து, இதை அரை மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யும் முறையை 1980-களிலேயே சோதித்துக் காட்டினார்கள். அத்தனை வெயிலிலும் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 லிட்டருக்கு மேல் கறக்கும் மாடுகளை அவர்களால் வைத்திருக்க முடிகிறது. உங்களுக்கு 36 அங்குல விசிறி இரண்டு போதும். ஒரு விசிறியின் காற்று அதன் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு, அதாவது முப்பது அடி வரை எட்டும். எட்டடி உயரத்தில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். தண்ணீர் மடிவரை வழியும் அளவுக்கு நனைக்க வேண்டாம். விலாவின் அசைவை எண்ணிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் நனைக்கத் தொடங்கலாம்.

விசிறிக்கு அடியில் கறவைகளை மட்டும் வைத்துவிட்டு, பால் வற்றிய செனை மாட்டை மரத்தடியில் கட்டுவது நம் வழக்கம். புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஈற்றுக்கு முந்திய இரண்டு மாதங்களில் மாடுகளைக் குளிர்வித்துப் பார்த்தபோது, அடுத்த ஈற்றில் அவை குளிர்விக்காத மாடுகளைவிடக் கூடுதலாகக் கறந்தன. சூட்டில் நின்ற மாட்டின் வயிற்றிலிருந்த கிடேரிக் கன்றுகள் வளர்ந்து கறவைக்கு வந்தபோது அவற்றின் பாலும் குறைந்தே இருந்தது. ஆகவே கிழக்கு ஓரத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில், தனிக் காடியும் தண்ணீரும் வைத்து மாடு கன்று ஈனுவதற்குத் தனியிடம் ஒன்றைத் தடுத்து, ஒரு விசிறியின் காற்று அங்கேயும் எட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன் சுண்ணாம்புத் தூளால் தரையில் முழு அளவையும் கோடு போட்டு, மாடுகளை ஒரு நாள் அதற்குள் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். எந்த மூலையில் போய் அவை படுக்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, காடியையும் தொட்டியையும் அந்த இடத்தை விட்டு விலக்கி வைக்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள்.